குடியிருப்பு வாடகையும் விலைவாசிக் குறியீடும்

வணக்கம். மதுரை எல்லீஸ் நகரில் நீங்கள் விசாரித்த வீடுகளில் வாடகை ஏறாதபோது, 2017-18-இல் நுகர்வோர் விலைக் குறியீட்டில் வாடகையைக் காட்டும் பகுதியான வீட்டுவசதிக் குறியீடு மட்டும் எப்படி ஏறியது என்று ஆய்வேட்டுக்காகக் கேட்டிருந்தீர்கள். முதன்மையான காரணம் அரசு ஊழியர் குடியிருப்புகள்தான். 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட குறியீட்டு வரிசையில், அரசு வீட்டில் குடியிருப்பதால் ஊழியர் விட்டுக்கொடுக்கும் வீட்டு வாடகைப்படியும், அவ்வீட்டுக்காக அவர் சம்பளத்தில் பிடிக்கப்படும் உரிமக் கட்டணமும் சேர்ந்ததே அவ்வீட்டின் வாடகையாகக் கொள்ளப்பட்டது. ஆகவே 2017 ஜூலையில் ஏழாவது ஊதியக் குழுவின்படி அந்தப் படி உயர்ந்ததும், மதுரை ரயில்வே காலனியில் குடியிருப்பவரின் சம்பளச் சீட்டில் பிடித்தம் பெரிதாக மாறாவிட்டாலும், கணக்கில் அவருடைய வாடகை கூடிவிட்டது. நகர்ப்புறக் குறியீட்டில் வீட்டுவசதியின் எடை, அதாவது அதன் பங்கு, அந்த வரிசையில் 21.67 சதவீதமாக இருந்ததால் மொத்தப் பணவீக்கமும் சற்று உயர்ந்தது. ரிசர்வ் வங்கி தன் நாணயக் கொள்கை அறிக்கைகளில் இந்தப் படி உயர்வின் தாக்கத்தை நீக்கிய பணவீக்க அளவையும் தந்தது. குடும்பங்களின் உண்மைச் செலவை அந்த நீக்கிய அளவே நெருங்குகிறது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் அட்டவணையில் இரண்டு அளவுகளையும் அருகருகே வையுங்கள்.