மீதிக் காப்ஸ்யூலும் மூக்குக் குச்சியும்

அன்புள்ள அக்காவுக்கு,

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் முதலாண்டு படிக்கிறேன். போன மழைக்காலத்தில் வாப்பாவுக்குக் கடும் காய்ச்சல், இருமல். அவருக்குச் சர்க்கரை உண்டு. டாக்டர் ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் 75 மி.கி. காப்ஸ்யூல் பத்து எழுதிக் கொடுத்தார். நாலு போட்டதும் காய்ச்சல் விட்டது, வாப்பாவும் நிறுத்திவிட்டார். மிச்சம் ஆறையும் மாமா, இருமிக்கொண்டிருந்த தன் மூன்று பிள்ளைகளுக்கும் தினம் ஒன்றாக இரண்டு நாள் கொடுத்தார். ஃப்ளூ வைரஸ் மருந்துக்குக் கட்டுப்படாமல் போவது பற்றிய ஆராய்ச்சிகளை இப்போது படிக்கும்போது பயமாக இருக்கிறது. வாப்பா பாதியில் விட்டதால் எங்கள் வீட்டிலேயே அப்படியொரு வைரஸ் உருவாகியிருக்குமா? சக்கரக்கோட்டைக்கு வரும் வலசைப் பறவைகளுக்கும் இதில் பங்கு உண்டா? இதில் ஆராய்ச்சி செய்ய நான் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிலையத்துக்கோ வெளிநாட்டுக்கோ போய்த்தான் ஆக வேண்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புத் தங்கைக்கு,

மருந்து எதிர்ப்பு என்றதும் எல்லோரும் மாத்திரையைப் பற்றியே பேசுகிறார்கள், மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் சாம்பிளைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை என்று கொஞ்ச நாளாகவே மனது கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து உன் கடிதம் வந்தது.

முதலில் வாப்பா. அவர்மேல் பழி போடாதே. எதிர்ப்பு உண்டாவது வைரஸில்தான், வாப்பாவின் உடம்பில் இல்லை. மருந்து எடுக்கும் பெரியவர்களிடம் அப்படிப்பட்ட வைரஸ் தோன்றுவது சொற்பம். சிறு பிள்ளைகளிடமும் நோயெதிர்ப்பு ஒடுங்கியவர்களிடமும்தான் அது அதிகம். இன்னொன்று, மருந்தை யாரோ தப்பாகச் சாப்பிட்டதால்தான் எதிர்ப்பு பரவும் என்பதும் முழு உண்மை இல்லை. 2007-08 குளிர்காலத்தில் நார்வேயில் எடுத்த, 2009க்கு முன் சுற்றிவந்த பழைய எச்1என்1 ஃப்ளூ வைரஸ் சாம்பிள்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஓசெல்டாமிவிருக்குக் கட்டுப்படவில்லை. நார்வே அந்த மருந்தை அதிகம் பயன்படுத்திய நாடே அல்ல. அள்ளி அள்ளிக் கொடுத்த ஜப்பானில் அந்தப் பருவத்தில் எதிர்ப்பு மிகக் குறைவு. அடுத்த பருவத்திற்குள் உலகம் முழுக்க அந்த எச்1என்1 ஏறக்குறைய முழுசாக மாறிவிட்டது.

காரணம், இந்த மருந்து பிடித்து நிறுத்தும் வைரஸ் நொதியான நியூராமினிடேஸின் 275ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் போய் டைரோசின் வந்தது. டைரோசின் பருமனானது. பக்கத்து 276ஆம் இடத்து குளூட்டமேட்டை அது நெருக்கித் தள்ளுவதால் மருந்து உட்காரும் குழி சரியாக அமைவதில்லை. அந்தக் குழி தேவைப்படாத ஜனமிவிர் என்ற இன்னொரு ஃப்ளூ மருந்து அப்போதும் வேலை செய்யும். முன்பெல்லாம் இந்த மாற்றம் வந்தால் வைரஸே நோஞ்சானாகிவிடும், நொதி சரியாக மடிந்து செல்லின் மேற்பரப்புக்கு வராது. ஆனால் அதற்கு முன்னமே 222, 234 ஆகிய இடங்களில் வந்திருந்த வேறு மாற்றங்கள் அந்தக் குறையை ஈடுகட்டிவிட்டன. இதை 2010இல் ஜெஸ்ஸி ப்ளூம், லிஜி இயான் காங், டேவிட் பால்டிமோர் மூவரும் காட்டினார்கள். வாப்பாவின் நாலு காப்ஸ்யூலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மாமாவை மட்டும் விடமாட்டேன். நீ போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான் இந்தக் கடிதத்திலேயே ஆபத்தானது. இருமுகிற பிள்ளைக்குத் தொற்று ஏற்கெனவே உள்ளே இருந்திருக்கலாம். அதற்குத் தேவை சிகிச்சை அளவு, அதுவும் எடை பார்த்து: 15 கிலோ வரை 30 மி.கி., 23 வரை 45, 40 வரை 60, அதற்கு மேல் 75. எல்லாமே இருவேளை, ஐந்து நாள். ரத்தத்தில் இந்த மருந்து ஆறிலிருந்து பத்து மணி நேரத்தில் பாதியாகிவிடும், அதனால்தான் பன்னிரண்டு மணிக்கொருதரம் கொடுக்கிறோம். தினம் ஒன்று என்றால் ராத்திரியெல்லாம் மருந்து தேய்ந்துகொண்டே போகும், வைரஸ் பெருகிக்கொண்டே இருக்கும். மருந்து இருந்தும் போதாமல் இருக்கிற அந்த நேரம்தான் தப்பிப் பிழைக்கிற வைரஸுக்கு வசதி. ஜப்பானில் சிகிச்சை பெற்ற 50 பிள்ளைகளைப் பற்றி 2004இல் வெளியான ஆய்வில் 9 பேரிடம் எதிர்ப்பு வைரஸ் இருந்தது. அங்கே அன்று கொடுத்த அளவு கிலோவுக்கு 2 மி.கி. 2009இல் வட கரோலினாவில் ஒரு கோடை முகாமில், தடுப்புக்கென்று தினம் ஒன்று போட்டுக்கொண்டிருந்த இரண்டு சிறுமிகளிடம் அதே 275 மாற்றம் வந்தது. படித்த பிள்ளை நீ வீட்டில் இருந்துகொண்டு அந்த அட்டையைப் பிடுங்கி வைத்திருக்க வேண்டாமா? டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் உள்ள மருந்து அது. பண்டம் மாதிரி பங்கு போடுவதற்கில்லை.

பறவை விஷயத்தை இப்போதைக்கு விடு. ஸ்வீடனில் நீரில் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் மருந்து கலந்தபோது காட்டு வாத்துகளின் வைரஸில் அந்த மாற்றம் வந்தது உண்மை. அது பறவை வைரஸ். உன் வீட்டு இருமலுக்கு சக்கரக்கோட்டையில் விளக்கம் தேடாதே.

இனி சாம்பிள். நம் நாட்டு வழிகாட்டுதல்படி கடுமையில்லாத ஏ, பி பிரிவுக் காய்ச்சலுக்குப் பரிசோதனை வேண்டாம், மூச்சுத் திணறும் சி பிரிவுக்குத்தான் வேண்டும். சிகிச்சைக்கு அது சரி. ஆனால் எதிர்ப்பைத் தேடுகிறவளுக்கு அது போதாது. சி பிரிவு நோயாளி வந்து சேரும்போது பெரும்பாலும் மருந்து தொடங்கியிருக்கும். வரும்போதே எதிர்ப்போடு வந்த வைரஸா, மருந்துக்குப் பின் மாறியதா என்று பிரிக்கவே முடியாது. நார்வே கதை வெளிவந்ததே சாதாரணக் காய்ச்சல்காரர்களின் சாம்பிளும் ஆய்வகத்துக்குப் போனதால்தான். ஆகவே புறநோயாளி வரிசையில், காய்ச்சல் தொடங்கி மூன்று நாளுக்குள், முதல் காப்ஸ்யூலுக்கு முன் எடு. ஐந்தாம் நாளும் நோய் தணியவில்லை என்றால் இன்னொன்று எடு.

குச்சி பாலியெஸ்டர் அல்லது ஃப்ளாக்டு (நுண்ணிழை ஒட்டிய) முனை, பிளாஸ்டிக் தண்டு. பஞ்சு சுற்றிய மரக்குச்சி பிசிஆரையே கெடுத்துவிடும். மூக்கின் தரையை ஒட்டி நேராகப் பின்னால் விட வேண்டும், மேல்நோக்கி அல்ல. தடை தட்டியதும் சில விநாடி வைத்து, சுழற்றி எடு. பலரும் நாசித் துவாரத்து விளிம்பைத் துடைத்துவிட்டு ‘எடுத்தாச்சு’ என்கிறார்கள். அதில் சளி இருக்கும், செல் இருக்காது. குச்சியைப் போட்டு அனுப்பும் விடிஎம் திரவம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். மஞ்சளாகியிருந்தால் கெட்டுவிட்டது, தூக்கிப் போடு. பெயர், காய்ச்சல் தொடங்கிய நாள், எடுத்த நாள், மருந்து தொடங்கிய நாள் நான்கையும் குழாயின் உடம்பில் எழுது, மூடியில் எழுதாதே. பால்பேனா வேண்டாம், ஐஸ் உருகினால் கரைந்துவிடும்.

பிறகு குளிர். 2 முதல் 8 டிகிரி, 72 மணி நேரம் வரை. அதற்கு மேல் என்றால் மைனஸ் 70. நடுவிலுள்ள மைனஸ் 20தான் எமன். சாதாரண ஃப்ரீசரில் மெதுவாக உறையும்போது வைரஸ் சிதைகிறது. ‘பத்திரமாக ஃப்ரீசரில் வைத்தேன்’ என்று சொல்லி அனுப்பப்படும் சாம்பிள்தான் அதிகம் வீணாகிறது. மண்டபம், பாம்பன் என்று மீன் இறங்குகிற இடமெல்லாம் ஐஸ் பிளாண்ட் உள்ள கரை நம்முடையது. நன்றாக மூடும் தெர்மோகோல் பெட்டியில் உடைத்த ஐஸ், மூன்றடுக்குப் பொட்டலம், ஓர் இரவுப் பயணம்: சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலைய ஆய்வகத்துக்குப் போய்விடும். டிரை ஐஸில் அனுப்பினால் குழாயை இறுக்கி மூடி டேப் சுற்று. உள்ளே புகும் கரியமில வாயு திரவத்தைப் புளிக்கவைத்து வைரஸைக் கொன்றுவிடும்.

செத்த வைரஸிலும் பிசிஆர் பாசிட்டிவ் வருமே, எதற்கு இந்தப் பாடு என்பாய். தெரிந்த 275 மாற்றத்தை ஆர்.என்.ஏ.வில் பார்த்துவிடலாம். தெரியாத புது மாற்றத்தைக் காட்டுவது உயிருள்ள வைரஸ்தான். அதை எம்டிசிகே என்ற, ஆய்வகத்தில் வளர்க்கும் நாய்ச் சிறுநீரகச் செல்களில் வளர்த்து, முனானா என்ற சேர்மத்தைக் கொடுத்தால் நொதி அதை வெட்டி ஒளிரச் செய்யும். மருந்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து சேர்த்து, நொதியின் வேலை பாதியாகும் செறிவைப் பார்ப்பார்கள். ஏ வகை வைரஸில் அது வழக்கத்தைவிட 10 மடங்கு ஏறினால் தடுப்பு குறைந்தது, 100 மடங்கைத் தாண்டினால் மிகவும் குறைந்தது என்று கணக்கு. இங்கும் கண்ணி உண்டு. செல்களில் பலமுறை வளர்த்தால் நோயாளியிடம் இல்லாத மாற்றங்கள் முளைக்கும், அதனால் மூலச் சாம்பிளின் மரபணு வரிசையோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். எதிர்ப்பு வைரஸ் பத்தில் ஒரு பங்கு மட்டும் கலந்திருந்தால் இந்தச் சோதனையிலும் நழுவிவிடும், மரபணு வரிசையைப் படிக்கும் வழக்கமான சாங்கர் முறையிலும் நழுவிவிடும்.

புனேவா வெளிநாடா என்று கேட்டாய். முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் போய்க் கேட்டு, வரும் ஐப்பசி கார்த்திகையில் குச்சி பிடித்துப் பழகு. மற்றதைப் பிறகு பேசுவோம்.

வாப்பாவுக்குச் சர்க்கரை என்றாய். அப்படியானால் காய்ச்சல் விட்டாலும் பத்தையும் முடித்திருக்க வேண்டும், அடுத்த தடவை 48 மணி நேரத்துக்குள் தொடங்கவும் வேண்டும். அதற்கு முன் அவருடைய கிரியாட்டினினைப் பார்த்து வையுங்கள், சிறுநீரகம் தளர்ந்திருந்தால் 75 அல்ல, 30 மி.கி.தான் கொடுப்பார்கள். ஃப்ளூ ஊசி பலன் தர இரண்டு வாரம் ஆகும். மழை இறங்குவதற்கு முன், புரட்டாசியிலேயே போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா