293318625600: ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்

பெரிய முழு எண்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது, அதில் என்ன விசேஷம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. முதலில் பார்த்தபோது ஏதோ பட்ஜெட் தொகை மாதிரிதான் தெரிந்தது. சரி, உடைத்துப் பார்ப்போம் என்று கட்டம் போட்ட நோட்டை எடுத்து 2-ஆல் வகுக்க ஆரம்பித்தேன். ஆறு முறை மீதியில்லாமல் போனது. அப்புறம் 3-ஆல் நான்கு முறை, 5-ஆல் இரண்டு முறை, 7-ஆல் இரண்டு முறை. மிச்சம் நின்றது 46189. பார்த்தால் பகா எண் போலத் தோன்றும், ஆனால் 11, 13, 17, 19 நான்கையும் பெருக்கினால் வருவதுதான் அது.

ஓர் எண்ணுக்கு மொத்தம் எத்தனை காரணிகள் என்று தெரிய, பகாக் காரணிகளின் அடுக்குகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்கினால் போதும். 12 என்பது 2²×3. அடுக்குகள் 2, 1. எனவே 3×2 = 6 காரணிகள்: 1, 2, 3, 4, 6, 12. நம் எண்ணுக்கு 7×5×3×3×2×2×2×2, அதாவது 5040 காரணிகள்! இதைவிடப் பெரிய எண்ணான ஒரு லட்சம் கோடிக்கு வெறும் 169தான். 293318625600-ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படிப்பட்டவற்றை உயர் பகு எண்கள் என்று சொல்லலாம். 5040-உம் அதே வகைதான், அதற்கு 60 காரணிகள். 60-உம் அப்படியே, அதற்கு 12. 12-க்கு 6, 6-க்கு 4. எல்லாமே உயர் பகு எண்கள். இந்தச் சங்கிலியை எழுதி முடித்த அன்று வெகுநேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த எண்களை ஆழமாக ஆராய்ந்தவர் ராமானுஜன். கேம்பிரிட்ஜில் இருந்தபோது, 1915-இல், லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இதைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். 1916-இல் அங்கே அவருக்குப் பட்டம் கிடைத்ததும் இந்த ஆய்வுக்காகத்தான். கட்டுரையில் 102 எண்கள் கொண்ட அட்டவணை இருக்கிறது. கணினி இல்லாத காலத்தில் 6746328388800 வரை போயிருக்கிறார். அந்தக் கடைசி எண்ணுக்கு 10080 காரணிகள்.

அந்த நெடும் வரிசையில் ஒன்றே ஒன்று விட்டுப்போனது. அதுதான் 293318625600. இதனால் அவர் மீதான என் மதிப்பு துளியும் குறையவில்லை. இவ்வளவையும் கையால் எழுதிய மனிதரை இந்த இடத்தில்தான் மிக அருகில் பார்த்தது போல இருந்தது.

இன்னொன்று. விட்டுப்போன எண் 1 முதல் 22 வரை எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். முதன்முதலில் மீதி வருவது 23-இல். பட்டியலின் கடைசி எண்ணான 6746328388800-ஐ அதே 23-ஆல் வகுத்துப் பார்த்தேன். மீதி இல்லை. ஈவு 293318625600.