நெல்லுக்கு மூன்று அலமாரி

கேள்வி: எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் 600 புத்தகங்கள் சேர்ந்துவிட்டன. நூல்களுக்குத் துறைவாரியாக எண் போடும் டூயி தசம முறையில் அடுக்க உட்கார்ந்தால், நெல்லைப் பற்றிய மூன்று நூல்களுக்கு மூன்று வேறு எண்கள் வருகின்றன. எங்கே தவறு செய்கிறேன்? பேசாமல் நம் நூலக அறிஞர் ரங்கநாதன் வகுத்த கோலன் முறைக்கே மாறிவிடலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: தவறே இல்லை, அம்மா. சாகுபடி நூல் 633.18, அரிசிச் சமையல் 641.6318, நெல் உற்பத்தியின் பொருளாதாரம் 338.17318. மூன்றின் வாலிலும் 18 இருக்கிறது, பாருங்கள். அதுதான் நெல். 1876இல் மெல்வில் டூயி வெளியிட்ட இந்த முறையில், எதைப் பற்றிய நூல் என்பதைவிட எந்தத் துறை அதைப் பேசுகிறது என்பதே முதல் கேள்வி.

இதை நான் கற்றது ஒரு பிழையால். நூலக வேலைக்குச் சேர்ந்த புதிதில், தலைப்பில் தேனீ என்று இருந்த ஒரு நூலைப் பூச்சியினங்களோடு 595.799இல் வைத்துவிட்டேன். உள்ளே இருந்ததோ தேனீ வளர்ப்பு; 638.1க்குப் போக வேண்டியது. பெட்டி வைத்துத் தேன் எடுக்க நினைத்த விவசாயி ஒருவர் 638 வரிசையை இரண்டு முறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனார். அன்றிலிருந்து பொருளடக்கமும் முன்னுரையும் படித்த பிறகே எண் போடுகிறேன். நீங்களும் முதலில் பென்சிலால் எழுதுங்கள். சீட்டு ஒட்டுவது கடைசி வேலை.

உங்களிடம் கதையும் கவிதையும்தான் அதிகம் இருக்கும். ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று மூன்றே இலக்கம் தந்த அட்டவணை, தமிழ் நாவலை 894.8113 என்று கடைக்கோடியில் தள்ளியிருக்கிறது. எனக்கு இது இன்றும் ஆறாத வருத்தம். ஆனால் அந்த முறையிலேயே ஒரு வழியும் உண்டு. உள்ளூர் மொழி இலக்கியத்தை 810இல் வைத்துக்கொண்டு, அங்கிருக்கும் அமெரிக்க இலக்கியத்தை 820க்கு மாற்றலாம். அப்படிச் செய்தால் தமிழ்க் கவிதை 811, நாடகம் 812, சிறுகதையும் நாவலும் 813. சிறு பிள்ளைகூடப் படித்துவிடும்.

சீர்காழியில் பிறந்த ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1933இல் கோலன் முறையை வெளியிட்டார். லண்டன் கடையொன்றில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளை விதவிதமாகப் பூட்டிக் காட்டியதைப் பார்த்து அவருக்கு உதித்த யோசனை அது. ஒரு நூலின் பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பூட்டும் அந்த அழகுக்கு ஈடில்லை. ஆனாலும் 600 புத்தகத்துக்கு, புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு, நான் டூயியைத்தான் சொல்வேன்.

ரங்கநாதனிடமிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கியத்தில் ஆசிரியருக்கு அவர் தரும் அடையாளம் பிறந்த ஆண்டு. 1800களுக்கு ஆங்கில எழுத்து 'எம்', 1900களுக்கு 'என்'; அதை ஒட்டி ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். உங்கள் 811 அலமாரியில் எம்82 என்று பாரதி, எம்91 என்று பாரதிதாசன், என்27 என்று கண்ணதாசன் வயது வரிசையில் நிற்பார்கள்.