முதலில் தண்ணீர், அப்புறம்தான் உப்புத்தாள்

கேள்வி: பிளைவுட் வள்ளத்தின் உள்பக்கம் ஒரு சாயங்காலம் எப்பாக்சி (ரெசின் என்ற பிசினோடு, அதை இறுக வைக்கும் ஹார்டனரைக் கலந்து பூசுவது) அடித்தேன். ராத்திரி மழை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், எண்ணெய் பூசியதுபோல் வழுக்குகிறது. உப்புத்தாள் போட்டால் தாள் அடைத்துக்கொள்கிறது, தின்னருக்கும் மசியவில்லை. அடுத்த கோட்டில் ஹார்டனரைக் கூட்டிவிடலாமா?
(குளச்சல் வாசகர்)

பதில்: கூட்டவே கூட்டாதீர்கள். ரெசினும் ஹார்டனரும் டப்பாவில் போட்ட கணக்குப்படிதான் சேர வேண்டும், கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். முதலில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் கலவை தப்பு, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அடியில் கல் மாதிரி இருந்து மேலே மட்டும் வழுக்கினால் கவலை இல்லை. ஹார்டனரில் இருக்கும் அமீன் என்ற ரசாயனம், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே மெழுகு மாதிரி படிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் இது வராவிட்டால்தான் ஆச்சரியம்.

அந்த மெழுகு தண்ணீரில் கரையும். தின்னர் அதை இங்கிருந்து அங்கே இழுத்துத்தான் விடும். நல்ல தண்ணீர் ஒரு வாளி, பாத்திரம் தேய்க்கிற பச்சை நார், இவை போதும் (கடல் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும்). கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, அந்தத் தண்ணீர் காய்வதற்கு முன்பே சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், காயவிட்டால் கரைந்த மெழுகு திரும்ப அங்கேயே படியும். வாளித் தண்ணீரையும் அடிக்கடி மாற்றுங்கள். நீங்கள் ஏற்கெனவே உப்புத்தாள் போட்டுவிட்டதால் கீறல்களுக்குள்ளும் மெழுகு போயிருக்கும், அதனால் இன்னொரு தடவை கழுவுவது நல்லது. நன்றாகக் காய்ந்தபின் புது 80 நம்பர் தாள். முழுக்க மங்கலாக வர வேண்டும், எங்கேயாவது பளபளப்பு மிஞ்சினால் அங்கே தாள் படவில்லை என்று அர்த்தம். தூசு மூக்கில் போகாமல் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பாடு வேண்டாம் என்றால் அடுத்த கோட்டுகளை ஒரே நாளில் முடியுங்கள். விரலை வைத்தால் ரேகை பதிய வேண்டும், ஆனால் விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் அடித்தால் இரண்டு கோட்டும் ஒன்றோடொன்று பிணைந்துவிடும், கழுவவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். நம்ம ஊர் வெக்கையில் அந்தப் பதம் சட்டென்று தாண்டிவிடும், பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். உச்சி வெயில் இறங்க ஆரம்பித்ததும் தொடங்கினால், மரம் குளிரக் குளிர குமிழி வராது. ஆனால் பனி விழுவதற்குள் கடைசிக் கோட்டு இறுக வேண்டும், மேலே கூரை கட்டாயம்.

சீக்கிரம் காயட்டும் என்று நான் ஒரு மழைக்காலத்தில் கொட்டகைக்குள் கரி அடுப்பை மூட்டி வைத்தேன். மறுநாள் படகு முழுக்க மெழுகு. பின்னே, அடுப்பு கக்குவதும் அதே கரியமில வாயுதானே!

கேள்வி: எப்பாக்சி மேல் பெயிண்ட் அவசியமா?

பதில்: அவசியம். வெயில் பட்டால் எப்பாக்சி மஞ்சளித்து, நாளடைவில் பொடியாக உதிரும். பெயிண்டுக்கு முன்பும் அதே கழுவல்தான், இல்லையென்றால் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகி நிற்கும்.