கிடாய்க்காக அழுத பெண் கால்நடை மருத்துவம் படிக்கலாமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வளர்த்த கிடாயை விற்ற அன்று உங்கள் மகள் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தாள். அதே பெண் இப்போது பிளஸ் டூ முடித்ததும் கால்நடை மருத்துவம்தான் என்று ஒரே பிடிவாதமாக நிற்கிறாள். "இவ்வளவு இளகின மனசை வைத்துக்கொண்டு இவள் எப்படி அந்த வேலையைச் செய்வாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சொந்தக்காரர்கள் 'மாட்டு டாக்டரா' என்று இழுத்ததையும் எழுதியிருந்தீர்கள். அதை விட்டுவிடுங்கள். உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

முன்பெல்லாம் மிருகங்கள் பிடிக்கும் என்று சொல்லி வரும் பிள்ளைகளை யோசிக்காமல் இந்தப் படிப்புக்கு அனுப்பிவிடுவேன். அப்படி அனுப்பிய ஒரு பையன் முதல் வருடத்திலேயே திரும்பி வந்தான். வீட்டில் நாய், புறா, முயல் என்று வளர்த்தவன். உடற்கூறியல் வகுப்பில் பார்மலினில் ஊறிய உடலை அறுத்துப் படிக்க வேண்டும், பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும், இறைச்சிக்கூடத்தில் நின்று பரிசோதிக்கக் கற்க வேண்டும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு வருடம் அவனுக்கு வீணாய்ப் போனதற்கு நானும் காரணம். அதனால் இப்போது முழுதும் சொல்லிவிடுகிறேன்.

போன மார்கழியில் ஒரு கால்நடை மருத்துவரோடு ஒரு தொழுவத்துக்குப் போயிருந்தேன். சின்ன வயதுப் பெண். மாடு விடியற்காலையிலிருந்து கன்று போட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. முன்னங்கால் இரண்டும் வெளியே தெரிந்தன, தலை வரவில்லை. உள்ளே பின்பக்கமாக மடங்கியிருந்தது. டாக்டர் தோள் வரை நீளும் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு சாணமும் ஈரமும் கலந்த தரையில் மண்டியிட்டார். முக்கால் மணி நேரம் ஆனது. மாடு முக்கும்போதெல்லாம் அவர் கை உள்ளே நசுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, மாடு தளரும் நேரத்தில் தலையை முன்பக்கம் திருப்பினார். கன்று செத்துத்தான் பிறந்தது. மாடு பிழைத்தது.

மாட்டுக்காரம்மா கேட்ட முதல் கேள்வி, "இனிப் பால் கறக்குமா டாக்டர்?" என்னோடு வந்திருந்த மாணவிக்கு அது பொறுக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். நஞ்சுக்கொடி விழுகிறதா என்று பார்க்கச் சொன்னார், மடியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்தப் பாலில்தான் இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். கேள்வி கேட்ட அதே அம்மா அப்புறம் உட்கார்ந்து, தன் முந்தானையால் மாட்டின் கண்ணோரத்தைத் துடைத்துவிட்டார்.

இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், உங்கள் மகளுக்கு முதலில் புரிய வேண்டியது இதுதான். பாசமும் பிழைப்பும் ஒரே கையில் இருக்கும். நீங்கள் கிடாயை விற்றதும் பாசமில்லாமல் இல்லையே. அதை அவள் கொடுமை என்று மட்டும் பார்க்கிற வரை தொழுவத்தில் அவளால் நிற்க முடியாது. புரிந்துகொண்டும் அழுகிறாள் என்றால் தாராளமாகப் படிக்கட்டும். இளகின மனசு இந்த வேலைக்குத் தடையே இல்லை. பார்க்க முடியாமல் எழுந்து ஓடுவதுதான் தடை.

இந்த வேலை தொழுவத்தோடும் முடிவதில்லை. பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1990-களிலிருந்து பதினைந்து வருடங்களுக்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்துபோயின. காரணம், வலியில் கிடந்த மாட்டுக்கு இரக்கப்பட்டுப் போட்ட டைக்ளோஃபெனாக் என்கிற வலி ஊசி. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்தால் மருந்து உடலிலேயே தங்கிவிடும். அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசினது போல யூரிக் அமிலம் படிந்துவிடும். பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004-இல் இதைக் கண்டுபிடித்தது. 2006-இல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015-இல் அதை 3 மில்லி குப்பியாகச் சுருக்கினார்கள். 2023-இல் கீட்டோபுரோஃபன், அசெக்ளோஃபெனாக் என்கிற வேறு இரண்டு வலி மருந்துகளும் கால்நடைகளுக்குத் தடையாகின. நம் மோயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகளின் உயிர், சுற்று வட்டாரத்து மருத்துவர் பையில் எந்த வலி ஊசி இருக்கிறது என்பதில் தொங்குகிறது. மெலாக்சிகாம் இருந்தால் நல்லது.

அந்த மெலாக்சிகாம் பாதுகாப்பானது என்று எப்படித் தெரிந்தது? கூண்டில் இருந்த கழுகுகளுக்குக் கொடுத்துப் பார்த்துத்தான். டைக்ளோஃபெனாக்தான் குற்றவாளி என்று உறுதியானதுகூட, பறக்க முடியாத சில பாறுகளுக்கு அதைக் கொடுத்து, அவை சாவதைப் பார்த்த பிறகுதான். எனக்கு இதை எழுதவே சங்கடமாக இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சிப் பக்கம் போகும் பிள்ளை இந்தச் சங்கடத்தைச் சுமக்கத் தயாராக இருக்க வேண்டும்.

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த மருந்தை ஆட்டு மூளையில் கிருமியை வளர்த்து எடுத்தார்கள். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அப்படித்தான் தயாரானது. பின்னால், ஆய்வுக்கூடத்தில் வளரும் செல்களில் கிருமியை வளர்க்கும் வீரோ செல் முறை வந்தது. 1962-இல் ஜப்பானில் ஒரே ஒரு ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களின் வழித்தோன்றல்கள்தான் இன்றும் ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. ஆடுகள் தப்பின, நோயாளிக்கும் ஊசி குறைந்தது. இப்படி மாற்று வழி தேடுவதும், பயன்படுத்தும் விலங்குகளைக் குறைப்பதும், வேதனையைத் தணிப்பதும் 1959-லிருந்தே ஆராய்ச்சியாளர்கள் பேசிவரும் நெறி. இந்தியாவில் விலங்குகளை வைத்துச் சோதனை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு நெறிமுறைக் குழு இருக்க வேண்டும், அதில் கால்நடை மருத்துவர் ஒருவர் உட்கார வேண்டும். உங்கள் மகளைப் போன்ற ஒருத்தி அந்த நாற்காலியில் இருக்க வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

சரி, படிப்புக்கு வருவோம். பி.வி.எஸ்.சி. & ஏ.எச். என்கிற கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு ஐந்தரை வருடம், கடைசி ஒரு வருடம் பயிற்சி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி எனப் பல கல்லூரிகள் இருக்கின்றன. மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான். அகில இந்திய ஒதுக்கீட்டு 15 சதவீத இடங்களுக்கு மட்டும் நீட். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. ஒரு எச்சரிக்கை: இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் அங்கீகரிக்காத 'கால்நடை டாக்டர்' டிப்ளமோ விளம்பரங்களில் பணம் கட்டிவிடாதீர்கள். அதை வைத்துக்கொண்டு மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது.

கத்தி எடுக்க மனசு வரவில்லை, ஆனால் காட்டு உயிர்கள்மேல் ஆசை என்றால் அதற்கு வேறு பாதை இருக்கிறது. இளங்கலை விலங்கியல் முடித்துவிட்டு மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலோ டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்திலோ முதுகலை போகலாம். விலங்கியல் வகுப்பில் பிராணிகளை அறுப்பதையும் 2014-லேயே பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்தச் சொல்லிவிட்டது. ஆனால் வேலை குறைவு, பல வருடம் தற்காலிக ஆய்வுத் திட்ட ஊதியத்தில் ஓடும். அதைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

இப்போதைக்கு எதையும் முடிவு செய்யாதீர்கள். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்து டாக்டரிடம் கேட்டு, லீவு நாட்களில் காலை எட்டு மணிக்கு அவளை அனுப்புங்கள். கோமாரி தடுப்பூசி முகாம் நடந்தால் அங்கேயும் போகட்டும். நீங்கள் கூடப் போக வேண்டாம். சாணி மிதித்து, ஒரு உதையாவது வாங்கி வரட்டும். வீட்டுக்கு வந்ததும் "அழுதியா?" என்று கேட்காதீர்கள், என்ன பார்த்தாள் என்று மட்டும் கேளுங்கள். ஒரு மாதம் போய் வந்த பிறகு, அடுத்த கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள்.