வியோலா மட்டுமே வாசித்து உலக அளவில் தனிக் கலைஞராக வாழ முடியுமா?

முடியும். ஆனால் அந்த வாழ்க்கை வயலின் கலைஞரின் வாழ்க்கையைப் போல் அமைவதில்லை. வயலினில் தொடங்கி, பிறகு அதைவிடச் சற்றே பெரிய, தாழ்ந்த குரலுடைய வியோலாவுக்கு மாறி, இன்றும் அதைப் பயின்று வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மோட்சார்ட், பீத்தோவன், பிராம்ஸ், சைக்கோவ்ஸ்கி ஆகியோரின் கான்செர்ட்டோக்கள் (தனிக் கலைஞர் இசைக்குழுவுடன் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) வயலின் கலைஞருக்கு ஆயத்தமாக இருக்கின்றன. இந்த நால்வரில் ஒருவர்கூட வியோலாவுக்கென்று தனியாக ஒரு கான்செர்ட்டோ எழுதவில்லை. ஆகவே, தமக்காகப் புதிய படைப்புகள் எழுதப்படும் அளவுக்கு வாசிப்பதும், அவற்றை அடுத்த தலைமுறைக்குக் கற்றுத் தருவதும் வியோலா கலைஞரின் தொழிலிலேயே அடங்கியவை. ஸ்காட்லாந்தில் பிறந்த வியோலா கலைஞர் வில்லியம் ப்ரிம்ரோஸ் கேட்டுக்கொண்டதால்தான் ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் 1945இல் தம் வியோலா கான்செர்ட்டோவை எழுதத் தொடங்கினார். அதை முடிக்காமலே அவர் இறந்துவிட, இசையமைப்பாளர் டிபோர் செர்லி நிறைவு செய்த வடிவத்தை ப்ரிம்ரோஸ் 1949இல் மினியாபொலிஸில் அரங்கேற்றினார்.

என் மனத்துக்கு மிக நெருக்கமானவர், 1966இல் ஜெர்மனியின் லார் நகரில் பிறந்த வியோலா கலைஞர் தபேயா ஸிம்மர்மான். பெரும்பாலோர் வயலினிலிருந்து வியோலாவுக்கு வருகையில், அவரோ மூன்று வயதிலேயே வியோலாவைக் கையில் எடுத்தவர். வியோலாவின் உடல் அதன் சுருதிக்கு உரிய அளவைவிடச் சிறியது. அந்த அளவுக்குச் செய்தால் தோளில் வைத்து வாசிக்கவே இயலாது. இந்தக் குறையிலிருந்துதான் அதன் மிகத் தாழ்ந்த தந்தியான 'ஸி' தந்திக்கு, சற்றே கம்மிய, அடித்தொண்டையிலிருந்து எழுவது போன்ற குரல் கிடைக்கிறது. 1990இல் கொலோனில் நடந்த ஒரு கச்சேரியில் ஸிம்மர்மான் அந்தத் தந்தியை ஒலிக்கச் செய்த விதத்தைக் கேட்ட இசையமைப்பாளர் லிகெட்டி, அதனால் ஈர்க்கப்பட்டுத் தனி வியோலாவுக்கு ஒரு சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட இசைப்படைப்பு) எழுதினார். அதன் முதல் பகுதி முழுவதும் 'ஸி' தந்தியில் மட்டுமே நகர்கிறது. முழு சொனாட்டாவையும் ஸிம்மர்மான் 1994இல் அரங்கேற்றினார். ஒரே தந்தியில் அத்தனை நிமிடங்கள் கேட்பவரைக் கட்டிவைக்க முடியும் என்பதை நான் அறிந்தது அந்தப் படைப்பில்தான்.

பரிசுகளும் வந்தன; 2020இல் எர்ன்ஸ்ட் ஃபான் சீமென்ஸ் இசைப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. நால்வர் குழுவான அர்கான்டோவிலும் பல ஆண்டுகள் வாசித்தார். ஆயினும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அவருடைய ஆசிரியப் பணியைத்தான். கச்சேரி வாய்ப்புகள் குறைந்தபின் நாடும் புகலிடமாகக் கற்பித்தலைக் கருதுவோர் உண்டு. அவரோ 1987இலேயே, இருபதை ஒட்டிய வயதில், ஸார்ப்ரூக்கன் இசைக் கல்லூரியில் கற்பிக்கத் தொடங்கி, பிறகு பிராங்க்ஃபர்ட்டிலும் 2002 முதல் பெர்லினிலும் பேராசிரியராக இருந்தார்.

அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் பிரான்ஸைச் சேர்ந்த அன்த்வான் தமெஸ்தி. அவருக்காக இசையமைப்பாளர் யோர்க் வித்மான் எழுதிய வியோலா கான்செர்ட்டோ 2015இல் பாரிஸில் அரங்கேறியது. அதன் தொடக்கத்தில் கலைஞர் வில்லைத் தொடுவதேயில்லை. வியோலாவை விரல்களால் தட்டியும் மீட்டியும் மேடையில் இடம் மாறிக்கொண்டே வாசிக்கிறார்.