பில் இல்லாத பிரியாணி

கேள்வி: ஓர் ஓட்டலில் சிக்கன் பிரியாணி சாப்பிட்ட நாங்கள் மூவரும் அன்றிரவே வாந்தி, பேதியோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தோம். பில் வாங்கவில்லை. வழக்குப் போடலாமா? – வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக. ஜிபேயில் கட்டிய மெசேஜ் இருந்தால் போதும், அழித்துவிடாதீர்கள். சிக்கல் வேறு இடத்தில். பிரியாணியால்தான் என்று காட்ட வேண்டும். “சாயங்காலம் பானிபூரி சாப்பிட்டீர்களா?” என்பார் ஓட்டல் வக்கீல். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன்! மூவருக்கும் ஒரே இரவில் வந்தது உங்களுக்குச் சாதகம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஃபுட் பாய்சன்’ என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் உடனே புகார் கொடுங்கள். அப்புறம் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. கேட்கும் நஷ்டஈட்டை அல்ல, கொடுத்த விலையை வைத்துத்தான் மனுக் கட்டணம். 5 லட்சம் ரூபாய் வரை கிடையாது. மூன்று பிரியாணி அதைத் தாண்டாது.